பயிற்சி முடிந்த பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது?

கேள்வி: நான் 16 ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியை. கடைசி 7 ஆண்டுகள் ஒரு சர்வதேசப் பள்ளியில். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை முதல்வர் என்னிடம் தந்தார். வகுப்பு நடக்கும்போதே மாணவர்களின் புரிதலை மதிப்பிடுவது எப்படி என்று மூன்று மணி நேர அமர்வு நடத்தினேன். கேள்வி கேட்கும் முறை, ஃபீட்பேக், எக்ஸிட் டிக்கெட் (வகுப்பு முடியும்போது மாணவர்கள் எழுதித் தரும் சிறு விடைச்சீட்டு), சுயமதிப்பீடு என எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் எல்லோரும் ‘மிகவும் பயனுள்ளது’ என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. எங்கே தவறு? அப்புறம் இன்னொன்று: ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்?

பதில்: ஒரு மாதம் கழித்து நீங்களே வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தீர்களே, அதைச் செய்கிற பயிற்றுநர்கள் குறைவு. படிவங்களைப் படித்து, மனநிறைவோடு அடுத்த அமர்வுக்குத் தயாராகிவிடுவதுதான் வழக்கம். நானும் முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். என் அமர்வுகளால் எந்த வகுப்பிலாவது ஏதாவது மாறியதா என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் படிவத்தை ஒதுக்கி வையுங்கள். ஆசிரியர் பயிற்சியை மதிப்பிட தாமஸ் கஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஐந்து நிலைகளை வகுத்தார். பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டார்களா? செய்துபார்க்கப் பள்ளி இடம் கொடுத்ததா? வகுப்பில் உண்மையிலேயே செய்தார்களா? மாணவர்களுக்குப் பலன் கிடைத்ததா? உங்கள் படிவம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொன்னது. நான்காவதன் விடையை நீங்களே நடந்துபோய்த் தெரிந்துகொண்டீர்கள்.

தவறு என்று பார்த்தால் இரண்டு. ஒரே அமர்வில் நான்கு விஷயங்களைச் சொன்னது ஒன்று. சொன்னதோடு நிறுத்திக்கொண்டது இன்னொன்று. ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1980-லேயே ஐந்து கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: கொள்கையை விளக்குவது, செய்து காட்டுவது, பங்கேற்பவர்களையே செய்துபார்க்க வைப்பது, அதைப் பற்றி உடனே கருத்துச் சொல்வது, பிறகு அவர்கள் வகுப்புக்கே போய்த் துணை நிற்பது. பெரும்பாலான பயிலரங்குகள் முதல் இரண்டோடு முடிந்துவிடுகின்றன. உங்களுடையதும் அப்படித்தான் முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசிக் கூறைத்தான் இன்று கோச்சிங் என்கிறோம். அதன் பலனை அளந்த 60 ஆய்வுகளை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட்டும் அவருடைய சகாக்கள் இருவரும் சேர்த்துப் பார்த்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோச்சிங் பெற்ற ஆசிரியர்களின் கற்பித்தல் 0.49 திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு மேம்பட்டது. மாணவர்களின் தேர்ச்சியில் 0.18. கல்வி ஆய்வில் இவை சாதாரண எண்கள் அல்ல. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: திட்டம் பெரிதாகி ஆசிரியர் எண்ணிக்கை கூடக் கூட பலன் குறைகிறது. ஆகவே முப்பது பேருக்கு ஒரே அமர்வு என்று உங்களிடம் கேட்டால், நான்கு பேரோடு ஒரு பருவம் வேலை செய்ய அனுமதி கேளுங்கள். முதல்வர் தயங்கலாம். இந்த எண்களைக் காட்டுங்கள்.

சரி, அந்த நான்கு பேரோடு என்ன செய்வது? ஒரு மணி நேரம், ஒரே ஒரு பழக்கம். நான் அடிக்கடி எடுத்துக்கொள்வது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, ‘தெரியாது’ குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள்.

முதல் பத்து நிமிடம் ஓர் ஒலிப்பதிவைப் போடுங்கள். அது உங்கள் வகுப்பினுடையதாக இருக்கட்டும், அவர்களில் ஒருவருடையதாக வேண்டாம். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, உங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை நொடி மௌனம் என்று அவர்கள் குறிக்கட்டும். முதலில் உங்கள் குறை வெளியே வரும்போது, தங்கள் குறையைப் பற்றிப் பேச அவர்களுக்குத் துணிச்சல் வருகிறது. மாணவர்களின் குரலைப் பதிவு செய்யும் முன் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு விதிகளைப் பார்த்து அனுமதி வாங்குங்கள், அமர்வு முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

அடுத்து செய்து காட்டுங்கள். அவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து, “பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது?” என்று கேளுங்கள். பேசாதீர்கள். மூன்று நொடி கழித்து ஒருவர், “அடர்த்தி குறைவு” என்பார். இப்போதும் பேசாதீர்கள், தலையாட்டவும் வேண்டாம். இந்த இரண்டாவது மௌனத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவரே தொடர்வார்: “அதாவது... தண்ணீர் உறையும்போது விரிகிறது இல்லையா, அதனால்...” இங்கே நிறுத்தி, இப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். விளக்கத்தை அவர்கள் வாயிலிருந்தே வரவழைக்கலாம்.

அப்புறம் மீதி நேரத்தில் பெரும்பகுதி செய்துபார்ப்பதற்கு. அடுத்த நாள் பாடத்திலிருந்து ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளை எழுத வேண்டும். ஒருவர் ஆசிரியராக நின்று கேட்பார், ஒருவர் மாணவராகப் பதில் சொல்வார், ஒருவர் மேசைக்கடியில் விரல் விட்டு நொடிகளை எண்ணுவார், நான்காமவர் இரண்டு மௌனங்களையும் குறித்துக்கொள்வார். பிறகு இடம் மாறுவார்கள். சக ஆசிரியர்கள் முன் பாடம் நடத்திக் காட்டக் கூச்சமாக இருக்கும், “புரிந்துவிட்டது, செய்தே பார்க்க வேண்டுமா?” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் நுண்கற்பித்தல் என்று இதைத் தொடங்கியதிலிருந்து, ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கூச்சத்தைத் தாண்டாமல் எதுவும் கைக்கு வந்ததில்லை. நாக்கு அடங்கப் பழக வேண்டும், அது காதால் கேட்டுப் பழகுவதில்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதித் தரட்டும்: எந்த நாள், எந்தப் பாடவேளை, எந்தக் கேள்வி. அந்தப் பாடவேளைக்கு நீங்கள் போக வேண்டும்.

போவதில்தான் பாதிப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடும் அப்சர்வேஷன் படிவத்தோடு போகாதீர்கள். உங்கள் குறிப்பு பணி மதிப்பீட்டுக்குப் போகாது என்பதை முதல்வர் முன்னிலையிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் அந்த ஆசிரியர் உங்களுக்காக வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார். பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரு வரலாற்று ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். 22 ஆண்டு அனுபவம், வேறொரு பாடத்திட்டத்திலிருந்து வந்தவர். என் அமர்வில் கைகட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவர் வகுப்புக்குப் போனேன். வேகமும் தெளிவும் நிறைந்த நல்ல வகுப்பு, ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. வகுப்பு முடிந்ததும் நான் கேட்டது இதுதான்: “சார், போருக்கான காரணத்தைக் கேட்டீர்களே, அப்போது ஜன்னலோரம் இருந்த மாணவி கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள். நீங்கள் பார்த்தீர்களா?”

“இல்லையே. யார், அவளா? அவள் பேசவே மாட்டாளே.”

“நீங்கள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியதும்தான் இறக்கினாள்.”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறையில் என்னைத் தேடி வந்தார். காத்திருந்து பார்த்தாராம், அந்த மாணவி பேசினாளாம், அவள் சொன்ன காரணம் பாடப்புத்தகத்தில் இல்லாததாம். அதன் பிறகு அவருக்கு நான் எதையும் வற்புறுத்திச் சொல்ல நேரவில்லை.

முதலில் ஆசிரியரின் எண்ணத்தை மாற்றினால் பிறகு அவர் செயல் மாறும் என்று நினைத்துத்தான் நாம் அமர்வுகளைத் திட்டமிடுகிறோம். கஸ்கி 1986-இல் இதைத் திருப்பிப் போட்டார். ஆசிரியர் ஒன்றைச் செய்துபார்க்கிறார், தன் மாணவர்களிடம் பலனைக் காண்கிறார், அதற்குப் பிறகுதான் அவர் நம்பிக்கை மாறுகிறது. அமர்வில் யாராவது கைகட்டி உட்கார்ந்திருந்தால் அவரோடு வாதிடாதீர்கள். ஒரு சிறிய செயலைச் செய்துபார்க்கக் கேட்டுவிட்டு, மாணவர்களிடம் தெரியும் மாற்றத்தை அவர் கண்ணில் படும்படி செய்யுங்கள்.

சர்வதேசப் பள்ளிகளுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. உங்கள் ‘புதிய’ ஆசிரியர்களில் பலர் தொழிலுக்குப் புதியவர்கள் அல்ல. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தரும் முறையிலிருந்து ஒருவர், ஆய்வேடு எழுத வைக்கும் முறையிலிருந்து இன்னொருவர் என்று வெவ்வேறு நாட்டு முறைகளில் பழுத்தவர்கள். ‘மதிப்பீடு’ என்ற சொல்லுக்கே ஒவ்வொருவர் மனதிலும் வேறு பொருள் இருக்கும். முதல் கூட்டத்திலேயே, “உங்கள் பழைய பள்ளியில் நல்ல வகுப்பு என்று எதைச் சொல்வார்கள்?” என்று கேட்டு, பதில்களைப் பலகையில் எழுதுங்கள். அந்த இருபது நிமிடம் பின்னால் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பலர் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டால் போதும் என்று எந்தப் பயிற்சியும் அங்கே இருக்க முடியாது. யாராவது ஒரு உள்ளூர் ஆசிரியரை உங்களோடு சேர்த்துத் தயார் செய்துகொண்டே இருங்கள்.

இன்னொன்று மொழி. இதை எந்தப் பாட ஆசிரியரும் தன் வேலை என்று முதலில் நினைப்பதில்லை. விளையாட்டு மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசும் மாணவர் ஆய்வக அறிக்கையில் திணறினால், ‘கவனமில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பிரித்துக் காட்டினார். பேச்சு சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடமொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள்வரை ஆகலாம். மூன்று நொடி காத்திருப்பது இந்த மாணவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் உதவும்: கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், பதிலோடு திரும்பி வர அவருக்கு நேரம் வேண்டும்.

உங்கள் ஸ்லைடுகளில் இரண்டு விஷயங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். படித்தால் 10 விழுக்காடு, கேட்டால் 20 விழுக்காடு நினைவில் நிற்கும் என்று காட்டும் பிரமிடு ஒன்று. அதற்கு மூலமாகக் காட்டப்படுவது அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பு, அதில் அந்த எண்களே கிடையாது, யாரோ பின்னால் ஒட்டியவை. மாணவர்களைக் காட்சி வழி, செவி வழி, செயல் வழிக் கற்பவர்கள் என்று பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தும் முறை இன்னொன்று. உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லரும் சகாக்களும் 2008-இல் ஆய்வுகளைத் தோண்டிப் பார்த்து, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். நாம் தவறாகச் சொன்னது நம்மோடு போவதில்லை. ஒவ்வொரு ஆசிரியர் வழியாகவும் பல வகுப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது.

இப்போது சான்றிதழ். பயிற்றுநர் ஆவதற்கு எல்லாப் பள்ளிகளும் ஏற்கும் ஒற்றைச் சான்றிதழ் எதுவும் இல்லை, எந்தப் பாடத்திட்டத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் பள்ளி ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டப் பள்ளியானால், ஐபி கல்வியாளர் வலையமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். பணியில் இருக்கும் அனுபவமுள்ள ஐபி ஆசிரியர்களையும் ஒருங்கிணைப்பாளர்களையும் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பயிலரங்கு நடத்த அனுப்புகிறார்கள். கேம்பிரிட்ஜ் பள்ளியானால் அவர்களுடைய தொழில்வளர்ச்சித் தகுதிகளைப் பாருங்கள். உங்கள் சொந்த வகுப்பிலேயே செய்துபார்த்து, சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்துப் பெறுவது என்பதால் எனக்குப் பிடித்த முறை அது. அந்தப் படிப்பைத் தங்கள் பள்ளியிலேயே நடத்தும் தலைவராகவும் பின்னாளில் ஆகலாம். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விரும்புபவர்களுக்கு செல்ட்டா (ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்) வழி உண்டு. அந்தப் படிப்பில் குறைந்தது 120 மணி நேர நேரடி வகுப்பும், மதிப்பிடப்படும் 6 மணி நேரக் கற்பித்தலும் இருக்கின்றன. அதற்குப் பயிற்றுநர் ஆக, மூத்த பயிற்றுநரோடு ஒரு முழுப் படிப்பிலும் கூடவே இருந்து பழக வேண்டும். நீங்கள் அறிவியல் ஆசிரியை, உங்களுக்கு இது தேவைப்படாது.

ஆனால் எதில் சேர்ந்தாலும் வகுப்பை முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பாவது உங்கள் பெயரில் இருக்கட்டும், மற்றவர்களிடம் செய்யச் சொல்வதை முதலில் அங்கே செய்துபாருங்கள். நான் இரண்டு ஆண்டுகள் வகுப்பே இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தேன். “பிற்பகல் கடைசிப் பாடவேளையில் இதெல்லாம் நடக்குமா?” என்று ஒரு இளம் ஆசிரியை கேட்டபோது, நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பருவமே ஏழாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை கேட்டு வாங்கிக்கொண்டேன், பிற்பகல் கடைசிப் பாடவேளையாகவே.

விண்ணப்பங்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதத்துக்கு, அந்தப் புதிய ஆசிரியர்களில் யார் நான்கு பேர் என்று முடிவு செய்து, அவர்களுடைய கால அட்டவணையை வாங்கி, உங்கள் ஓய்வுப் பாடவேளைகள் எங்கே அவர்கள் வகுப்போடு ஒத்துப்போகின்றன என்று குறித்துவையுங்கள்.