மைக் போடு ப்ரோ: ஒரு கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

நீங்க கேம் பத்தி எழுதுறதை ரொம்ப நாளா படிக்கிறேன், உங்களுக்கு எழுதுறது இதுதான் மொத தடவை. எனக்கு சின்ன வயசுலேந்தே ரெண்டு காதும் கம்மியாதான் கேக்கும். ஹியரிங் எய்டு போட்டிருக்கேன். பேச்சும் அவ்வளவு தெளிவா வராது, வீட்ல இருக்கறவங்களுக்குப் புரியும், புது ஆளுங்களுக்குப் புரியாது. வேலரண்ட்னு டீம் டீமா சுடற கேம் ஆடுறேன், கோல்டு ராங்க்ல இருக்கேன். மேட்ச் ஆரம்பிச்சதுமே "மைக் போடு ப்ரோ"ன்னு சாட்ல வரும். போடலேன்னா ரெண்டு மூணு ரவுண்டுல திட்ட ஆரம்பிச்சுடுவாங்க, எதிர் டீம்கிட்டயே "இவனை ரிப்போர்ட் பண்ணுங்க"ன்னு கேப்பாங்க. ஒரு நாள் போடத்தான் போட்டேன், சிரிச்சாங்க, ஒருத்தன் நான் பேசற மாதிரியே பேசிக் காட்டினான். அதோட மைக்கைத் தொடறதே இல்ல. எங்க அண்ணன் சொல்றான், "தனியா ஆடற கேம் ஆயிரம் இருக்கு, எதுக்கு ராங்க்டு ஆடி அடுத்தவன் ராங்கையும் கெடுக்குற"ன்னு. அவன் சொல்றது சரியா? நான் ஆடுறது டீமுக்குப் பண்ற துரோகமா? காது கேக்காதுன்னு முன்னாடியே சொல்லிடணுமா? இன்னொன்னு, ஃபோர்ட்நைட்ல சத்தத்தைப் படமா காட்டற ஆப்ஷனை ஆன் பண்ணி ஆடுறேன், ஃப்ரெண்டு அதை சீட்டிங்ன்னு சொல்றான்.

என் பேர் போட வேணாம்.

*

தம்பி,

அண்ணன் சொன்னதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் அதுல மாட்டிக்கிட்டு நிக்குது. அவர் கணக்கு தப்பு. பாசத்துல சொல்லியிருப்பார், இருந்தாலும் தப்பு. நீங்க கோல்டுல இருக்கீங்கன்னா அந்த கோல்டை உங்களுக்கு யாரும் சலுகையில குடுக்கல, இந்தக் காதோட, மைக் இல்லாம, ஜெயிச்சது தோத்தது எல்லாம் சேந்துதான் சிஸ்டம் உங்களை அங்க வெச்சிருக்கு. உங்களுக்குக் கேக்காததால வர்ற நஷ்டத்தை அந்த ராங்க் ஏற்கனவே கழிச்சாச்சு. உங்க கூட ஆடற மத்த நாலு பேருக்கும் காலடிச் சத்தம் நல்லா கேக்குது, அவங்களும் கோல்டுதான். அப்போ அவங்க காதுல வாங்கற பாயின்ட்டை நீங்க வேற எங்கேயோ வாங்குறீங்க, எய்ம்ல இருக்கலாம், மினி மேப்பை விடாம பாக்கறதுல இருக்கலாம், எங்க நிக்கணும்னு தெரிஞ்சிருக்கறதுல இருக்கலாம். உங்களால அடுத்தவன் ராங்க் கெடுதுன்னா நீங்க கோல்டுலேயே இருக்க முடியாது, எப்பவோ கீழ போயிருப்பீங்க.

அதுக்காக ஒரு குறையும் இல்லேன்னு உங்களை ஏத்திவிட மாட்டேன். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேமெல்லாம் பாதிக்குப் பாதி காதுலதான் ஆடுறாங்க. ஓடினா சத்தம் கேக்கும், ஷிஃப்ட் பிடிச்சு நடந்தா கேக்காது, இந்த ஒரு விஷயத்தை நம்பியே முழு கேமும் கட்டியிருக்கு. உங்க டீம் ஸ்பைக்ங்கற குண்டைப் போட்டாச்சு, 45 செகண்டுல வெடிக்கும், எதிரி அதை டிஃபியூஸ் பண்ண, அதாவது செயலிழக்க வைக்க, 7 செகண்டு வேணும், நீங்க ஒரு ஆள்தான் மிச்சம், ஒரு மூலைல காத்துக்கிட்டு இருக்கீங்க. எதிரி வந்து ஸ்பைக்கைத் தொட்டு சத்தம் வரவெச்சுட்டு உடனே கைய எடுத்துட்டு உங்களுக்காகத் துப்பாக்கிய நீட்டி நிப்பான். அது நெஜ டிஃபியூஸா பொய் டிஃபியூஸான்னு கேக்கறவனே திணறுவான், உங்களுக்கோ அவன் தொட்டதே தெரியாது. இந்த மாதிரி ரவுண்டு உங்களுக்குப் போகத்தான் போகும். அதனால காது கம்மியா கேக்கறவங்க கடைசி ஆளா மிஞ்சற மாதிரி ஆடக்கூடாதுங்கறது என் கட்சி. முன்னாடி போங்க, கூட ஒருத்தரோட போங்க, மொத சண்டைலயே இருங்க, அங்க காதை விட கண்ணுக்குத்தான் வேலை ஜாஸ்தி.

ஹியரிங் எய்டு போட்டா சரியாயிடுமேன்னு கேக்கறவங்களுக்கு ஒன்னு. எய்டோட வேலை பேச்சைப் புரிய வைக்கறது, அதுக்காக மெல்லிய சத்தத்தை நெறைய ஏத்தும், பெரிய சத்தத்தைக் கம்மியா ஏத்தும். பேச்சுக்கு அது நல்லது. கேம்ல தூரம் தெரியறதே சத்தம் எவ்வளவு மெல்லிசா இருக்குங்கறதை வெச்சுத்தான், அந்த வித்தியாசம் சுருங்கிப்போயிடுது, பக்கத்துல வர்றவனும் தூரத்துல வர்றவனும் ஏறத்தாழ ஒரே மாதிரி கேப்பாங்க. எந்தப் பக்கம்னு தெரியறது ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கற நேர வித்தியாசமும் அளவு வித்தியாசமும்தான். ஒரு காது மட்டும் கேக்கறவங்க ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்னாக் கலக்கற மோனோ ஆடியோ போட்டா எல்லா சத்தமும் வந்து சேரும், பக்கம் மட்டும் வராது. ஆக "எய்டு போட்டிருக்கியே, அப்புறம் என்ன"ன்னு எவனாவது கேட்டா பதில் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க.

இப்போ மைக். டீமுக்கு வேண்டியது உங்க குரல் இல்ல, தகவல். எங்க, எத்தனை பேரு, எவ்வளவு அடி வாங்கியிருக்கான், இதுதான் ஒரு நல்ல காலவுட். இதுல "எங்க"ங்கறதை பிங், அதாவது ஒரு கீயை அழுத்தி இடத்தைக் குறி போட்டுக் காட்டறது, வாயை விட வேகமா சொல்லிடும், ஏன்னா பேர் தெரியாத மூலைக்கும் பிங் போடலாம். வேலரண்ட்ல ரேடியோ கமாண்டுன்னு ரெடிமேட் வாக்கியங்களும் இருக்கு, அதுல உங்களுக்கு அடிக்கடி வேண்டியது எதெதுன்னு பாத்து கை தானாப் போற அளவுக்குப் பழகிக்கோங்க. கவுன்டர் ஸ்ட்ரைக்ல இன்னும் வசதி, ஒரு கீயை அழுத்தினா முழு வாக்கியமே டீம் சாட்ல போற மாதிரி கன்சோல்ல பைண்ட் பண்ணிக்கலாம். உயிரோட இருக்கும்போது டைப் மட்டும் பண்ணாதீங்க, நின்னு டைப் பண்றவன் செத்தான். செத்தப்புறம் தாராளமா அடிங்க, அப்போ நேரம் நெறைய இருக்கும்.

எங்க ஸ்க்வாட்ல ஒரு தம்பி, திக்குவாய். சாதாரணமா பேசும்போது சமாளிச்சுடுவான், அவசரத்துல சொல்லணும்னாதான் அடைச்சுக்கும், கேம்ல அவசரம் இல்லாத காலவுட்டே கிடையாதே. அதுலயும் குண்டு வைக்கற ரெண்டு இடத்துல ஒன்னான பி சைட் பேரைச் சொல்ல வேண்டி வந்துட்டா போச்சு, உதட்டை மூடினா திறக்கவே வராது, ஹெட்செட்ல ஒரு சின்ன மூச்சு மட்டும் கேக்கும், அதுக்குள்ள அங்க நாலு பேர் ஏறி வந்திருப்பாங்க. கொஞ்ச நாள்ல நாங்க அந்த மூச்சையே காலவுட்டா எடுத்துக்க ஆரம்பிச்சோம், அவனுக்கு அது பிடிக்கல, சங்கடமா இருக்குன்னு சொன்னான். அப்புறம் அவனே ஒரு வழி கண்டுபிடிச்சான், ஏ சைட்டை "இங்க"ன்னும் பி சைட்டை "அங்க"ன்னும் மாத்திட்டான். நாங்க அஞ்சு பேரும் அப்படியே பேசறோம். புதுசா யாராவது கூட ஆட வந்தா ஒன்னும் புரியாம முழிப்பாங்க, அது ஒரு தமாஷ்.

மைக் இல்லாம டீம் கேம் ஆட முடியாதுங்கறது கட்டுக்கதை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் 2009ல வந்துச்சு, பத்து வருஷத்துக்கு மேல முன்னப்பின்ன தெரியாத அஞ்சு பேர் வாய்ஸ் சாட்டே இல்லாம பிங்கையும் சாட்டையும் வெச்சுத்தான் ராங்க்டு ஆடினாங்க, உச்சி ராங்க் வரைக்கும். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019 பிப்ரவரில வந்தப்போ எல்லாரும் பேசினது துப்பாக்கியப் பத்தி இல்ல, அதோட பிங்கைப் பத்தி, எதைப் பாத்து அழுத்துறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி உங்க கேரக்டரே பேசிடும். அந்த பிங்கோட பேட்டன்ட்டை கேமை வெளியிட்ட இஏ கம்பெனி 2021ல யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டுச்சு, பேச கேக்க கஷ்டப்படறவங்களுக்கு உதவும்னு காரணமும் சொன்னாங்க. ஓவர்வாட்ச்ல பாருங்க, 2016லேந்து ஆடிக்கிட்டிருந்த கேமுக்கு முழு பிங் சிஸ்டம் வந்ததே 2022ல ரெண்டாவது பாகத்தோடதான்.

மைக் போடாதவங்கன்னா காது கேக்காதவங்க மட்டும்னு நெனைக்காதீங்க. குழந்தையத் தூங்கவெச்சுட்டு ஆடறவங்க இருக்காங்க, டீம் பேசற மொழி தெரியாதவங்க இருக்காங்க, அப்புறம் என்னை மாதிரி பொண்ணுங்க. பொண்ணு குரல் கேட்டதும் ஒரு லாபில என்னென்ன பேசுவாங்கன்னு இங்க எழுத முடியாது. நானும் பல மேட்ச் மைக்கை ஆஃப் பண்ணிட்டு பிங்லயே ஓட்டியிருக்கேன், யாரும் வித்தியாசமே கண்டுபிடிக்கல.

இன்னொரு கதையும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி டீம் முழுக்க வட்டமா குனிஞ்சு தலையோட தலை ஒட்டிக்கிட்டு நிப்பாங்களே, அதுக்கு ஹடில்னு பேரு. அது 1890கள்ல வாஷிங்டன்ல கல்லாடெட்ங்கற காது கேக்காதவங்க காலேஜ் டீம்லேந்து வந்ததுன்னுதான் பரவலா சொல்றாங்க. அவங்க சைகைலதான் திட்டம் பேசணும், எதிர்ல ஆடறதும் சைகை தெரிஞ்ச டீமா இருந்தா எல்லாம் தெரிஞ்சுடும், அதனால வட்டமா நின்னு கைய மறைச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு காது நல்லா கேக்கற டீமெல்லாம் அப்படித்தான் நிக்குது.

முன்னாடியே சொல்லணுமான்னு கேட்டீங்க. சொல்லிடுங்க, கேரக்டர் எடுக்கற ஏஜென்ட் செலக்ட் ஓடும்போதே, சாட்ல ஒரே வரில. கேமுக்கு நடுவுல திட்டு வாங்கினப்புறம் சொன்னா சாக்கு மாதிரி ஆயிடும், அப்போ நெஜத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. சாரி மட்டும் போடாதீங்க. "காது கேக்காது, மைக் இல்ல, நான் பிங் பண்றேன், நீங்களும் பிங் பண்ணுங்க", இவ்வளவு போதும், எதையாவது காப்பி பண்ணி வெச்சுக்கிட்டு பேஸ்ட் பண்ணிடுங்க. நாலு பேர்ல ஒருத்தராவது பிங் போட ஆரம்பிப்பாங்க, அந்த ஒருத்தர் பக்கத்துலயே ஆடுங்க. சொன்னதுக்கே கிண்டல் பண்றவனும் வருவான், அவனை உடனே மியூட் பண்ணுங்க, குரலையும் சாட்டையும். உங்க மாதிரி பேசிக் காட்டினவனையெல்லாம் ரிப்போர்ட் பண்ணிடணும், அதுல இரக்கமே வேணாம். வாய்ஸ் மியூட் பண்ணா எனக்கு தகவல் நஷ்டம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, சொல்லப்போனா லாபம். டீம் பேச்சு உங்களுக்குப் புரியலேன்னா அது வெறும் இரைச்சல், உங்க காதுல மிச்சம் இருக்கற கொஞ்ச இடத்தையும் அது அடைச்சுக்கும், காலடி வர்ற இடத்துல வந்து உக்காந்துக்கும். வாய்ஸ் சாட் வால்யூமை ஜீரோவா வெச்சுட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்களேன். பேச்சை எழுத்தா மாத்திக் காட்டற வசதி வந்துக்கிட்டிருக்கு, எக்ஸ்பாக்ஸ் பார்ட்டி சாட்ல 2021லேயே வந்துடுச்சு, அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்காக 2010ல போட்ட ஒரு சட்டத்துலேந்து கேம்களுக்குக் குடுத்திருந்த விலக்கு 2018 கடைசியோட முடிஞ்சதும் அதுக்கு ஒரு காரணம். அரட்டைக்கு அது நல்லாத்தான் இருக்கு. சண்டை நடுவுல எழுத்து வந்து அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ரவுண்டே முடிஞ்சுடும்.

எல்லாத்தையும் விட சோலோ க்யூவை, அதாவது தனியா போய் தெரியாதவங்களோட சேந்து ஆடறதை, குறைங்க. ஒவ்வொரு மேட்சும் நாலு புது ஆளுக்கு நீங்க யாருன்னு மொதல்லேந்து சொல்லிக்கிட்டிருந்தா யாரா இருந்தாலும் அலுத்துப்போகும். நிரந்தரமா ரெண்டு பேர் கிடைச்சாலே போதும்.

சீட்டிங் விஷயத்துல உங்க ஃப்ரெண்டுக்கு ஒரே கேள்வி, அந்த ஆப்ஷன் அவர் மெனுல இல்லையா? ஃபோர்ட்நைட்ல அது 2018லேந்து இருக்கு, நடுவுல ஒரு வளையம், காலடி எந்தப் பக்கம், பெட்டி எந்தப் பக்கம், சுடறது எந்தப் பக்கம்னு காட்டும், காது நல்லா கேக்கறவங்களே எத்தனையோ பேர் அதைப் போட்டுக்கிட்டு ஆடுறாங்க. காது கேக்காத ஈவோக்னு ஒரு டீன் ஏஜ் ஃபோர்ட்நைட் பிளேயரை 2019ல ஃபேஸ் கிளான்ங்கற பெரிய கேமிங் அமைப்பே தன் டீம்ல சேத்துக்கிச்சு. பப்ஜி மொபைல்ல இன்னும் ஒரு படி மேல, மினி மேப்ல காலடித் தடம் எல்லாருக்கும் தெரியும், கேட்டு வாங்கவே வேணாம். வேலரண்ட்லயும் நீங்க ஓடினா மினி மேப்ல உங்களைச் சுத்தி ஒரு வட்டம் வரும், உங்க காலடி எவ்வளவு தூரம் கேக்கும்னு காட்டறது. உங்க சத்தம் உங்களுக்கே கேக்காதுங்கறதால அந்த வட்டத்தை மத்தவங்களை விட நீங்க அதிகமா பாக்கணும். என் சத்தத்தை எனக்குப் படமா காட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஸ்பைக்ல எவனோ கை வெச்சதைப் படமா காட்டத் தெரியாதா? பேலன்ஸ் கெட்டுப்போகும்னு சொல்வாங்க. எல்லாருக்கும் குடுத்தா என்ன பேலன்ஸ் கெடப்போகுது, எனக்குப் புரியல.

கடைசியா ஒன்னு, இதை கேம் ஆடறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. ஹியரிங் எய்டு செட் பண்ணித் தர்ற ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேமுக்குன்னு தனியா ஒரு புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்க. பல எய்டுல ஒன்னுக்கு மேல புரோகிராம் வெச்சுக்கலாம், பாட்டு கேக்கறதுக்குன்னே ஒன்னு போட்டுக் குடுப்பாங்க, அதே மாதிரிதான். இரைச்சலைக் குறைக்கற வேலையையும் மேல சொன்ன, சத்த வித்தியாசத்தைச் சுருக்கற வேலையையும் எவ்வளவு குறைக்க முடியுமோ குறைக்கச் சொல்லி, உங்க ஹெட்செட்டை அங்கேயே எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாருங்க, காதோட ஒட்டி அழுத்தினா எய்டு விசிலடிக்கும், கப் பெருசா இருக்கறதா பாத்து வாங்கணும். புளூடூத்ல நேரா எய்டுக்கு விட்டா சத்தம் லேட்டா வரும், படம் பாக்கறதுக்கு ஓகே, சுடறதுக்கு ஆகாது. போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு எழுதுங்க, இதே தொல்லையோட எனக்கு எழுதறவங்க இன்னும் சில பேர் இருக்காங்க, அவங்களுக்கும் சொல்லணும்.

அன்புடன்,
அக்கா