ஏசி மெக்கானிக் பில் எங்கே?

(கட்டடங்களின் மின்சாரம், எரிபொருள், உமிழ்வு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு எங்கள் எரிசக்தித் தணிக்கையாளர் பதில் சொல்கிறார்.)

கோவையில் எங்களுக்கு நான்கு மாடி வணிக வளாகம். வாடகைக்கு இருக்கும் நிறுவனம் ஒன்று, கட்டடத்தின் கார்பன் அளவைத் தரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. டக்ட் ஏசி, லிப்ட், மோட்டார் எல்லாம் ஓடும் பொது மீட்டரில் மாதம் 9,000 யூனிட். ஜெனரேட்டருக்கு வருடம் 1,200 லிட்டர் டீசல். எதை எழுதிக் கொடுப்பது? சோலார் போட்டுவிட்டால் போதாதா?
– கட்டட உரிமையாளர், கோவை

கடிதம் வந்ததில் வியப்பில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் இந்தக் கணக்கை, சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் காட்டியாக வேண்டும். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தையும் அது தொடத்தானே செய்யும்.

கணக்கு கடினமில்லை. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. கொடுக்கும்போது அந்தந்த ஆண்டின் எண்ணையே போடுங்கள். உங்கள் 1,08,000 யூனிட்டுக்கு 75.6 டன். டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ வைத்தால் 3.2 டன். புகை கக்கும் ஜெனரேட்டரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், பாவம், அதன் பங்கு இவ்வளவுதான்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: ஏசிக்கு அடித்த கேஸ். தொலைபேசியில் கேட்டபோது, பழைய மெஷின்கள், போன வருடம் நான்கு தடவை, மொத்தம் 12 கிலோ ஆர்-22 என்றீர்கள். புதிதாக அடித்தது 12 கிலோ என்றால், பழையது 12 கிலோ காற்றில் போய்விட்டது என்று பொருள். ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டில் பூமியைச் சூடாக்கும் கணக்கில், 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக 21.7 டன். மொத்தத்தைக் கூட்டினால் நூறு டன்னைத் தொடுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எந்த மீட்டரிலும் ஏறாமல், மெக்கானிக் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டில் கிடக்கிறது. நான் தணிக்கைக்குப் போகும் இடங்களில் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். பெரும்பாலும் கல்லாப் பெட்டியின் அடியில் இருக்கும்.

இப்போது சோலாருக்கு வருகிறேன். 20 கிலோவாட் போட்டால் நம் வெயிலுக்கு வருடம் சுமார் 30,000 யூனிட் வரும். 21 டன் குறையும். அதாவது, பல லட்சம் செலவழித்து மாடியில் பேனல் நிறுத்திக் கிடைப்பதும், கசிவை அடைத்துக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கசிவு.

மெக்கானிக் வந்ததும் கேஸ் சிலிண்டரை மாட்ட விடாதீர்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்புக் குழாயின் ஃப்ளேர் நட், அவுட்டோர் யூனிட்டின் வால்வு, அதிர்வில் உரசித் தேய்ந்த வளைவு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் குமிழ் வரும். அடைத்து, வேக்கம் போட்டு (குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), அதன்பிறகே கேஸ், அதுவும் எடை போட்டு. அரை நாள் வேலை என்பதால் முனகுவார். கூலியைக் கூட்டிக் கொடுங்கள். கேஸ் குறைந்த மெஷினில் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், ஆகவே கரண்ட் பில்லும் சேர்ந்தே இறங்கும். மெஷினை மாற்றும் நாள் வந்தால் ஆர்-32 பாருங்கள். ஆர்-22-க்கு 1,810 என்றேனே, அதன் எண் 675. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ராத்திரி ஷட்டர் இறக்கியதும் மீட்டரைக் குறித்துவையுங்கள். காலையில் திறக்குமுன் மறுபடி. ஆளில்லாத கட்டடம் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். கழிப்பறை எக்ஸாஸ்ட், வாட்டர் கூலர், விடியவிடிய எரியும் பெயர்ப் பலகை என்று குற்றவாளிகள் தாமாக வெளியே வருவார்கள்.

வாடகைதாரருக்குப் பதில்: மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதி, அவர் எடுத்திருக்கும் சதுர அடி விகிதத்தில் பிரித்துக் கொடுங்கள். அவர் தனி மீட்டர் அவர் பாடு.

ஆபீஸில் ஏசியை 24-ல் வைக்கச் சொன்னால் சண்டை வருகிறது. ஒரு டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது?
– அலுவலக மேலாளர், சென்னை

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள அறை ஏசிகள் 24-ல்தான் கிளம்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. ஏசி போட்டதும் கழற்றிய ஃபேனைத் திரும்ப மாட்டுங்கள், மின்சாரம் குறைவாகத் தின்னும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேனாக, சுமார் 30 வாட்தான். காற்று மேலே பட்டால் 26-ல்கூட ஒருவரும் ரிமோட்டைத் தேட மாட்டார்கள்.

திருச்சியில் புதிதாக ஷோரூம் கட்டுகிறோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்று ஆர்க்கிடெக்ட் படம் போட்டிருக்கிறார். மேற்குப் பார்த்த மனை.
– ஒரு வாசகி, திருச்சி

படம் அழகாகத்தான் இருக்கும், அம்மா. நாலு மணி வெயில் தாழ்வாகச் சாய்ந்து நேராக உள்ளே வரும். மேலே நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. செங்குத்துப் பட்டைகள் வைக்கச் சொல்லுங்கள். எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதியின் நேர்வழிக் கணக்கில் (கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு சொல்லும் முறை), சுவர்ப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது. மேற்கில் அதிலும் பாதி போதும் என்பது என் கருத்து. பொம்மைக்குத் துணி உடுத்திக் காட்ட எத்தனை அடி வேண்டும்?

சிமென்டும் கணக்கில் வரும். அதன் கார்பனில் பெரும்பங்கு, சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டுக் கிளிங்கர் (சிமென்டாக அரைக்கும் கட்டி) ஆக்குவதில்தான். பிபிசி (போர்ட்லண்ட் பொஸோலானா சிமென்ட்) மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதால் அந்த அளவுக்குக் கிளிங்கர் குறையும். மேஸ்திரி 'செட்டாக லேட்டாகும்' என்பார். உண்மைதான், நீராற்றும் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மரம் நட்டுக் கணக்கை நேர்செய்ய முடியாதா?
– வாசகர், கரூர்

வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு எடுக்கும் கரியமில வாயு பத்து, இருபது கிலோ என்ற அளவில்தான். கோவைக்காரரின் நூறு டன்னுக்குப் பல ஆயிரம் மரம் வேண்டும். நடுவதானால் மேற்குச் சுவரில் நிழல் விழும் இடமாகப் பார்த்து நடுங்கள். ஏசிக்கும் வேலை குறையும்.