எந்த அறையில் உட்கார்ந்தால் எந்தப் பிரிண்டர்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளியில் மூன்று கணினிக் கூடங்கள், ஒரே நெட்வொர்க். மாணவர் எந்தக் கூடத்தில் லாகின் செய்கிறாரோ அங்குள்ள பிரிண்டர் மட்டும் வர வேண்டும். இப்போது முதல் கூடத்துப் பிரிண்டர் மூன்றாம் கூடத்துக்கும் கூடவே வருகிறது.

பதில்: பிரிண்டரை ஆளோடு கட்டியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். இடம் என்பது கணினியின் விஷயம். ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் கணினிகள், பயனர்கள் பட்டியல்) கூடத்துக்கு ஒரு ஓ.யூ. (கணினிகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) போட்டு, அந்தந்தக் கணினிகளை அதில் வையுங்கள். அப்புறம் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸில் (எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து அனுப்பும் வசதி) பயனர் பக்கம் பிரிண்டரைச் சேர்த்து, 'காமன்' டேபில் ஐட்டம் லெவல் டார்கெட்டிங்கைத் திறந்து, கணினியின் ஓ.யூ.வையோ ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) வரம்பையோ நிபந்தனையாகக் கொடுங்கள்.

ஆக்‌ஷனில் 'ரிப்ளேஸ்' வேண்டாம், 'அப்டேட்' போடுங்கள். ரிப்ளேஸ் ஒவ்வொரு முறையும் பிரிண்டரை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கும், லாகின் இழுக்கும். ஆனால் அப்டேட் பழையதை எடுக்காது. 'பொருந்தாதபோது நீக்கு' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைத் தொட்டால் ஆக்‌ஷன் தானாக ரிப்ளேஸுக்கு மாறிவிடும். அதனால் அதே பிரிண்டருக்கு 'டிலீட்' என்று இன்னொரு ஐட்டம் சேர்த்து, நிபந்தனையை 'இந்த ஓ.யூ. இல்லையென்றால்' என்று திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: மற்ற மாடிப் பிரிண்டர்கள் பட்டியலில் தெரியாமல் செய்துவிட்டோம். இனி யாரும் அவற்றில் அச்சிட முடியாது அல்லவா?

பதில்: முடியும். மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் பிரிண்டரை இப்படி மறைத்து மட்டும் வைத்திருந்தோம். வேறு மாடியில் ஒருவர் சர்வர் பெயரையும் பிரிண்டர் பெயரையும் டைப் செய்து நேராக இணைத்துக்கொண்டார். அவர் அனுப்பிய நாற்பது பக்கம் சம்பளச் சீட்டுகளுக்கு நடுவில் வந்து விழுந்தது. தன் தாள்களை எடுக்க வந்தவர் கையோடு இரண்டு பேரின் சம்பளச் சீட்டும் போய்விட்டது. அன்றைக்குப் பட்ட சங்கடம் இன்னும் மறக்கவில்லை.

எனவே பிரிண்ட் சர்வரில் (அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் கணினி) அந்தப் பிரிண்டரின் 'செக்யூரிட்டி' டேபைத் திறந்து பாருங்கள். வழக்கமாக 'எவ்ரிஒன்' என்பதற்கு அச்சிடும் உரிமை இருக்கும். அதை எடுத்துவிட்டு, உரிய குழுவை மட்டும் சேருங்கள். எது தெரிய வேண்டும் என்பதை இடம் முடிவு செய்யட்டும். யார் அச்சிடலாம் என்பதைக் குழு முடிவு செய்யட்டும். இரண்டும் வேண்டும்.

இன்னொரு வழியும் திறந்தே கிடக்கும். பிரிண்டரின் ஐ.பி. தெரிந்தவர் சர்வர் பக்கமே வராமல் 9100 போர்ட்டுக்கு (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கும் வாசல்களில் ஒன்று) நேராக அனுப்பிவிடுவார். பிரிண்டர்களைத் தனி வி.லேனில் (நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) போட்டு, 9100, 515, 631 ஆகிய போர்ட்டுகளுக்கு பிரிண்ட் சர்வரிலிருந்து மட்டும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி: எல்லாரும் லேப்டாப், வைஃபை. மாடி மாறினாலும் ஐ.பி. மாறுவதில்லையே?

பதில்: கட்டடம் முழுக்க ஒரே சப்நெட் (ஐ.பி. முகவரிகளின் ஒரு தொகுதி) என்றால் ஐ.பி.யை வைத்து மாடியைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாடிக்கு ஒரு சப்நெட் பிரிக்கலாம். ஆனால் நாள் முழுக்க நடமாடுகிறவர்களுக்குப் பொதுவான ஒரே அச்சு வரிசை வைத்து, போய் நிற்கும் பிரிண்டரில் அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் நல்லது என்பேன். தாள் தட்டில் அநாதையாகக் கிடக்காது.

கேள்வி: பாலிசி சரியாக இருக்கிறது. ஆனாலும் பிரிண்டர் சேராமல் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது.

பதில்: 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சுச் சேவையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அடுத்த மாத அப்டேட்டிலிருந்து டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவ அட்மின் உரிமை கட்டாயம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள்) இதை அணைக்கச் சொல்லி நிறைய பேர் வழி காட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த ஓட்டையைத் திரும்பத் திறந்துவிடுவதற்குச் சமம். டிரைவரைக் கணினிகளில் முன்கூட்டியே நிறுவிவிடுங்கள்.

கேள்வி: டிஃபால்ட் பிரிண்டர் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது.

பதில்: செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் தேர்வு ஆன் ஆகியிருக்கும். கடைசியாக எதில் அச்சிட்டீர்களோ அதையே டிஃபால்ட் ஆக்கிவிடும். அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் எல்லாருக்கும் ஒரே பிரிண்டர் வருகிறதே?

பதில்: அங்கே எல்லாரும் வேலை செய்வது சர்வரில் என்பதால், ஐ.பி. நிபந்தனை பார்ப்பது சர்வரின் முகவரியை. அதற்குப் பதில் 'டெர்மினல் செஷன்' நிபந்தனையைத் தேர்ந்து, அதில் கிளையன்ட் (பயனர் உட்கார்ந்திருக்கும் கணினி) ஐ.பி. வரம்பைக் கொடுங்கள். அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்துப் பிரிண்டர் வரும்.