மலைப்பாம்பும் சால்வையும்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி வந்து அவனுக்கு இங்கிலீஷ் ரிவிஷன் பார்ப்பது நான்தான். கைடில் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் (அணி) பட்டியல் இருக்கிறது. எந்த வரிக்கு எந்தப் பெயர் என்று கடகடவென ஒப்பிக்கிறான், மார்க்கும் வாங்கிவிடுகிறான். பாடத்தில் இல்லாத கவிதையைக் கொடுத்தால் முழிக்கிறான். காம்ப்ரிஹென்ஷன் என்றால், கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி அந்த வரியை அப்படியே எழுதி வைக்கிறான். ஆதரித்தோ எதிர்த்தோ கட்டுரை எழுதச் சொன்னால் பட்டிமன்றம் மாதிரி தொடங்கி, ஒரு குறளோடு முடிக்கிறான். "அக்கவுண்டன்சி படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குக்கா?" என்று வேறு கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேர்வுக்குள் இதை எப்படித் திருப்பிப் பார்ப்பது? கட்டுரையில் குறள் எழுதலாமா, கூடாதா?

வி.,
விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள வி.,

கைடைப் பிடுங்கி வைக்க வேண்டாம். ஒரு மார்க் கேள்விக்குப் பெயர் போதும், அதைக் கைடு தந்துவிடுகிறது. பெயரோடு படிப்பு நின்றுவிடுவதுதான் தொந்தரவு.

தமிழ்ப் பாடத்தில் உங்கள் தம்பி இதைவிட நன்றாகச் செய்திருப்பான். 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்ற சிலப்பதிகார வரியைப் பத்தாம் வகுப்பில் எழுதியிருப்பான். தற்குறிப்பேற்ற அணி என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தால் தமிழாசிரியர் விடமாட்டார். விளக்கம் கேட்பார், அணிப்பொருத்தம் கேட்பார். காற்றில் தானாக ஆடுகிற மதுரைக் கோட்டைக் கொடி, கோவலனை 'உள்ளே வராதே' என்று கைகாட்டித் தடுப்பதாகப் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார் என்று சொல்ல வேண்டும். கோவலனுக்கு அந்த ஊரில் நேரப்போவது வாசகனுக்குத் தெரியும் என்பதால்தான் அந்தக் கொடிக்கு அவ்வளவு கனம். ஆங்கில வகுப்பில் இந்த அணிப்பொருத்தத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை நீங்கள் கேளுங்கள்.

அவன் பாடப்புத்தகத்திலேயே தொரு தத்தின் சவுக்கு மரக் கவிதை இருக்கிறது. முதல் வரிகளில், பெரிய மலைப்பாம்பு ஒன்று சுற்றிச் சுற்றி ஏறுவதுபோல ஒரு கொடி மரத்தின் தழும்பேறிய தண்டில் ஏறுகிறது. சிமிலி, அதாவது உவமை. கைடு இந்த இடத்தில் பேனாவை மூடிவிடும். நீங்கள் இன்னும் நான்கைந்து வரி தள்ளி வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிடியில் வேறெந்த மரமும் பிழைத்திருக்காது என்கிறார் கவிஞர். உடனே ஒரு 'ஆனால்' வருகிறது. ஆனால் இந்த ராட்சசன் அந்தக் கொடியைச் சால்வைபோல மிடுக்காக அணிந்திருக்கிறான், கிளையெல்லாம் செந்நிறப் பூங்கொத்துகள். அதே கொடிதான். நெரிக்க வந்த பாம்பு, ஐந்தாறு வரிக்குள் தோளில் கிடக்கும் சால்வையாகிவிட்டது. உவமை உருவகமாக மாறுகிறது, மரம் ஆளாக மாறுகிறது. இந்த மாற்றம் கவிதைக்கு என்ன செய்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். கைடில் இதற்குப் பதில் இருக்காது. அவன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான், இருக்கட்டும்.

அவன் ஏதாவது சொன்ன பிறகு கவிஞரைப் பற்றிச் சொல்லுங்கள். தொரு 1856-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அண்ணன் 1865-இல் இறந்தார், அக்கா ஆரு 1874-இல். தொருவும் 1877-இல் காசநோயில் போய்ச் சேர்ந்தபோது வயது 21. கவிதை நூலாக வந்தது 1882-இல், அதை அவர் பார்க்கவில்லை. அந்த மரத்தடியில் கூட விளையாடியவர்கள் போய்விட்டார்கள், மரம் மட்டும் நிற்கிறது. கழுத்தைச் சுற்றிய சாவைச் சால்வையாக்கிக்கொண்டு நிற்கிற ஒன்றைப் பற்றித்தான் அந்தப் பெண் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பிக்கு வேறு மாதிரி தோன்றலாம். வரியைக் காட்டிச் சொன்னான் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாடத்தில் இல்லாத கவிதைக்கும் இதே வழிதான். முதலில் பெயரைத் தேடக் கூடாது. 'இங்கே எது எதுவாக மாறுகிறது?' என்று பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'உலகமே ஒரு நாடக மேடை' பகுதியில் வரும் போர்வீரன், பீரங்கியின் வாய்க்கு நேராகப் போய் நின்று புகழ் என்ற நீர்க்குமிழியைத் தேடுகிறான். பீரங்கி எங்கே, குமிழி எங்கே! அந்தப் பொருத்தமின்மை கண்ணில் பட்டுவிட்டால், மெட்டஃபர் (உருவகம்) என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

காம்ப்ரிஹென்ஷனுக்கும் அதே சவுக்கு மரம் போதும். 'கவிஞருக்கு அந்த மரம் ஏன் பிரியமானது?' என்று கேட்டுப் பாருங்கள். மரத்தின் கம்பீரத்தைச் சொல்லும் வரியை அடுத்தே 'பிரியமானது' என்ற சொல்லும் இருப்பதால் பையன்கள் அதைத் தூக்கி எழுதிவிடுவார்கள். கவிதை சொல்வது நேர் எதிர்: கம்பீரத்துக்காக இல்லை, அதனடியில் நாங்கள் விளையாடினோம் என்பதற்காக. ஒரு 'இல்லை'யைத் தவறவிட்டால் விடை தலைகீழ். தம்பி 'எதுக்குக்கா' என்று கேட்டதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. கடன் பத்திரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் 'தவிர', 'எனினும்', 'இல்லாத பட்சத்தில்' எல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று கணக்கு எழுதுகிற உங்களுக்கே தெரியும். இன்னொன்று: அவன் பாடத்தில் 'த சேர்' என்று ஒரு கதை வருகிறதே, அது கி. ராஜநாராயணனின் 'நாற்காலி'. முதலில் தமிழில் வாசிக்கக் கொடுங்கள். சிரித்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போனால், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

வாதக் கட்டுரையில் பட்டிமன்றத்தின் கேடு, எதிரணி சொல்வது எல்லாமே தப்பு என்று ஆரம்பிப்பது. கண்ணகி அப்படிச் செய்யவில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துப் பாருங்கள். 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்கிறான் பாண்டியன். திருடனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அவன் நியாயம். அந்த நியாயத்தோடு அவள் மல்லுக்கட்டவில்லை. என் கணவன் கள்வனா என்ற ஒரே இடத்தில் கையை வைக்கிறாள். என் சிலம்பின் பரல் (உள்ளே இருக்கும் கல்) மாணிக்கம் என்கிறாள். அரசன், 'தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி', நீ சொன்னது சரியான பேச்சு, எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். இந்த இடத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். சிலம்பை உடைப்பதற்கு முன்பே, எதை வைத்துத் தீர்ப்பது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பிறகு உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. தெறித்தது மாணிக்கம். அவன் மறுத்துப் பேச இடமே இல்லை. சாபமும் தீயும் பிறகு வருகின்றன. வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

இதே அடக்கம் அவன் பாடத்திலுள்ள, ஆங்கிலக் கட்டுரையாளர் கார்டினரின் சாலை விதிக் கட்டுரையிலும் உண்டு. ரஷ்யாவின் பெட்ரோகிராடில் ஒரு பாட்டியம்மா கூடையோடு நடுத்தெருவில் நடக்கிறார். ஓரமாகப் போங்கள் என்றால், இப்போது சுதந்திரம் வந்துவிட்டது என்கிறார். சுதந்திரம் கெட்டது என்று கார்டினர் சொல்லவில்லை. பாட்டிக்கு உள்ள அதே சுதந்திரம் வண்டிக்காரனுக்கும் இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறார். பிறகு எதிர்ப்பக்கத்துக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறார்: நான் என்ன உடுத்துகிறேன், முடிக்குச் சாயம் பூசுகிறேனா இல்லையா என்பது என் பாடு. டிரம்போன் என்ற ஊதுகருவியை மலையுச்சியில் ஊதினால் யாரும் கேட்கப்போவதில்லை, ராத்திரி படுக்கையறையில் ஊதினால் வீட்டிலுள்ளவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. எனக்குக் கார்டினரைவிடக் கண்ணகி கெட்டிக்காரியாகத் தெரிகிறாள், அது என் பக்கச்சார்பு.

தம்பிக்குக் கொடுக்க ஒரு பயிற்சி. பள்ளியில் செல்போன் வேண்டுமா என்பதுபோல ஒரு தலைப்பு எடுங்கள். அவன் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான காரணத்தை அவன் கையாலேயே முதலில் இரண்டு வரி எழுதட்டும். அந்தக் காரணத்தில் தனக்குச் சம்மதமான பாதி எது, சம்மதமில்லாத பாதி எது என்று அடுத்தது. கட்டுரை அதற்கப்புறம்தான். 'இன்றைய நவீன உலகில்' என்று ஆரம்பித்தால் அடித்துவிடுங்கள்.

இனி குறள். தாராளமாக எழுதட்டும், ஆனால் அது சாட்சி ஆகாது, திருவள்ளுவர் சொல்லிவிட்டதால் செல்போன் தடை சரியாகிவிடாது. தண்ணீர்க் கட்டுரை என்றால் எல்லோரும் 'நீரின்றி அமையாது உலகு' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். குறளில் அது 'உலகெனின்' என்று தொடர்கிறது: 'நீரின்று அமையாது உலகெனின் யார்யார்க்கும் வானின்று அமையாது ஒழுக்கு'. முதல் பாதி எல்லோரும் ஒத்துக்கொள்ளும் செய்தி. அதை ஒத்துக்கொண்டால் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் பாதிக்கு இழுத்துப்போகிறார் வள்ளுவர். பாதியோடு நிறுத்தினால் அவருடைய வாதம் போய்விடுகிறது. தம்பி எழுதுவதாக இருந்தால் ஒன்றேமுக்கால் அடியையும் எழுதட்டும், அந்த 'எனின்' என்ன வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் அவன் சொந்த வாக்கியத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்.

அன்புடன்.