இறங்க மறுக்கும் கியர்: கேசட்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மூன்று ஆண்டுகளாக 24 கியர் கொண்ட மலை சைக்கிள் ஓட்டுகிறேன். மழைக்காலத்துக்குப் பிறகு பின் கியர் பெரிய பல்சக்கரத்துக்கு ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் சிறியதற்கு இறங்கத் தயங்கி, நாலைந்து மிதி மிதித்த பின் திடீரென்று விழுகிறது. கடையில் திருகைத் திருப்பிக் கொடுத்தார்கள். இறங்குவது சரியானது, ஏறுவது கெட்டுப்போனது. கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு), செயின், டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது சரிதானா? கேபிளை நானே மாற்ற முடியுமா?"

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும்போது உங்கள் கட்டைவிரலின் வலுவே கேபிளை இழுக்கிறது. இடையில் கொஞ்சம் துருவோ மண்ணோ இருந்தாலும் விரல் அதை மீறி இழுத்துவிடும். சிறியதற்கு இறங்கும்போது விரலுக்கு வேலை இல்லை. ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசையான ஷிஃப்டர் கேபிளைத் தளர்த்திவிட, டெரெய்லருக்குள் இருக்கும் சிறிய ஸ்பிரிங் மட்டுமே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்பிரிங்கால் வெல்ல முடியாத உராய்வு வழியில் எங்கோ இருக்கிறது என்பதையே இறங்கத் தயங்கும் கியர் காட்டுகிறது. மாறாக, ஏறுவதற்கு மட்டும் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். கேபிளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகான அட்ஜஸ்டரைத் திருப்பும்போது உராய்வு குறைவதில்லை. கோளாறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கடையில் நடந்ததும் அதுவே.

எவ்வளவு சிறிய தடங்கல் போதும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சிமானோ நிறுவனத்தின் 8 வேக அமைப்பில் (24 கியர் என்பது பெரும்பாலும் முன்னால் 3, பின்னால் 8 பல்சக்கரங்கள்) ஷிஃப்டரின் ஒரு சொடுக்கு ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் கேபிளை நகர்த்துகிறது. டெரெய்லர் அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கி, அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையிலுள்ள 4.8 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்கிறது. எனவே கேபிள் அரை மில்லிமீட்டர் சிக்கிக்கொண்டாலே செயின் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விலகி நின்று கரகரக்கத் தொடங்கிவிடும்.

உராய்வு எங்கே என்று கண்டுபிடிக்கப் பணம் எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, மிதித்துப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பிறகு சக்கரத்தை நிறுத்திவிட்டு, மிதிக்காமலேயே ஷிஃப்டரைக் கடைசிச் சொடுக்கு வரை இறக்குங்கள். செயின் நகராததால் கேபிள் தொளதொளவென்று தளர்ந்துவிடும். பிரேமில் அவுட்டரை, அதாவது கேபிளை மூடியிருக்கும் உறையை, தாங்கும் இடங்களில் பிளவு இருந்தால் அவுட்டரை எளிதாகக் கழற்றி, உள்ளே இருக்கும் கேபிளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். நல்ல கேபிளில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கெட்டதில் மணலைத் தேய்ப்பது போல விரலுக்கே தெரியும். குறிப்பாக, டெரெய்லருக்குள் நுழையும் முன் வளைந்து திரும்பும் கடைசித் துண்டைப் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அங்கேதான் போய்த் தங்கும். இத்தகைய புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த ஒரு சாண் துண்டைத்தான். அது வழுக்கி ஓடினால், கேபிளைக் கழற்றிவிட்டு டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி விடுங்கள். அது சட்டென்று திரும்பாவிட்டால் அதன் மூட்டுகளில்தான் அழுக்கு இருக்கிறது. அதற்குச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலே போதும்.

கேபிள்தான் என்று உறுதியானால், உள் கேபிளை மட்டும் மாற்றாமல் அவுட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கியருக்கான அவுட்டரில் எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், தடிமன் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். பிரேக்குக்கான அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், தடிமன் 5 மில்லிமீட்டர். சுருள் அவுட்டர் இழுவையில் அமுங்கிச் சுருங்குவதால் அதில் கியர் ஒருநாளும் ஒரே இடத்தில் நிற்காது. இதற்கு நேர்மாறாக, கியர் அவுட்டரைப் பிரேக்கில் போடுவது ஆபத்து. அழுத்திப் பிடிக்கும்போது அது வெடித்துப் பிளந்துவிடக்கூடும். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று யாராவது வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பழையதைக் கழற்றும் முன் ஷிஃப்டரைச் சிறிய பல்சக்கரத்துக்கு, இனிச் சொடுக்கு இல்லை என்னும் வரை, இறக்கிவிடுங்கள்; ஒரு சொடுக்கு மிச்சமிருந்தாலும் கேபிளின் தலை வெளியே வரும் துளைக்கு நேராக நிற்காது. நுனி மூடியை வெட்டி, டெரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஷிஃப்டரிலுள்ள சிறு பிளாஸ்டிக் திருகு மூடியைக் கழற்றிவிட்டு (அதைப் பத்திரமாக வையுங்கள்) கேபிளை உள்நோக்கித் தள்ளினால் தலை எட்டிப் பார்க்கும். கேபிள் தலையருகே அறுந்திருந்தால் பிய்ந்த இழைகள் உள்ளேயே கிடக்கும். டார்ச் அடித்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

அவுட்டரை வெட்டுவதில்தான் பலர் வேலையைக் கெடுக்கிறார்கள். சாதாரண கட்டிங் பிளேயர் அதை நசுக்கிவிடும். கேபிள் கட்டர் இல்லையென்றால் கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்குவது நல்லது. வெட்டிய முனையை அரத்தால் சமன் செய்து, அமுங்கிப்போன உள் பிளாஸ்டிக் குழாயை ஒரு ஊக்கின் நுனியால் திறந்துவிட்டு, முனைத் தொப்பியை மாட்டுங்கள். அளவுக்குப் பழைய துண்டையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க வளைவு சீரான வில்லாக இருக்க வேண்டும். குட்டையானால் முறுக்கி ஒடியும், நீளமானால் தேவையற்ற உராய்வைச் சேர்க்கும்.

புதிய கேபிளுக்கு எண்ணெய் தேவையில்லை. அவுட்டரின் உள்குழாயே வழுக்கலானது. கெட்டியான கிரீஸ் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதை உங்கள் ஊர் மார்கழிக் காலையே காட்டிக்கொடுக்கும்.

கேபிளைக் கோத்தபின், போல்ட்டில் இறுக்கும் முன்பே டெரெய்லர் இரு பக்கமும் எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகளைச் சரிபாருங்கள். 'எச்' எழுத்துள்ள திருகால் டெரெய்லரின் மேல் சக்கரத்தைச் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிறுத்துங்கள். பிறகு டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளியபடி மெதுவாக மிதித்து, செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிகளுக்குள் விழாதபடி 'எல்' திருகை அமையுங்கள். இப்போது அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே விட்டு, போல்ட்டுக்கு அருகிலுள்ள பள்ளத்திலேயே கேபிளைப் பதித்து இறுக்குங்கள். பள்ளம் மாறினால் இழுவைக் கணக்கே மாறிவிடும். பிறகு பிரேமின் மேல் வெளியே தெரியும் கேபிளைக் கையால் பிடித்து நன்றாக இரண்டு மூன்று முறை இழுங்கள். புதிய கேபிள் 'நீண்டுவிட்டது' என்று சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் அவுட்டரின் முனைகள் தொப்பிகளுக்குள் அமர்வதுதான் அது. இழுத்ததும் வரும் தளர்ச்சியை எடுத்து மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

மிதித்துக்கொண்டே ஒரு சொடுக்குப் போட்டு இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். அட்ஜஸ்டரை வெளியே வரும் திசையில் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, செயின் மூன்றாவதை உரசும் ஒலி கேட்டதும், அந்த ஒலி நிற்கும் வரை மட்டும் திரும்ப உள்ளே விடுங்கள். எட்டும் சீராக ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்த பிறகு, நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டி நுனிக்கு மூடி போடுங்கள்.

கேசட்டும் செயினும் மாற்ற வேண்டுமா என்பதை ஓர் அடி ஸ்கேலே சொல்லிவிடும். செயினின் ஒரு முளையின் நடுவில் சுழியத்தை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு முளையின் நடு வர வேண்டும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டி வழுக்கினால் அது இந்தத் தேய்மானம். கேபிள் மாற்றிப் பயனில்லை. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதால் முதலில் சில நூறு ரூபாய்க் கேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் சில பல்சக்கரங்களில் சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் மாறினால், சைக்கிள் எப்போதாவது வலப்பக்கமாக விழுந்ததா என்று நினைத்துப் பாருங்கள். டெரெய்லரைத் தாங்கும் அலுமினிய ஹேங்கர் மிக எளிதில் வளையும். பின்னால் குனிந்து பார்த்தால், டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரங்களின் தளத்துக்கு இணையாக நேராகத் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால், அதை நிமிர்த்தும் கருவி வைத்திருக்கும் கடைக்கு எடுத்துச் சென்று ஹேங்கரை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்.