ஹப்பில் உள்ள 68 3 எந்த ஆண்டு?

1954 மாடல் என்று சொல்லி விற்ற சைக்கிளின் பின் சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப் பாகத்தில்) 68 3 என்று பொறித்திருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். 68 என்றால் 1968, 3 என்றால் மார்ச். உங்கள் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பின் (உள்ளே மூன்று கியர் கொண்ட ஹப்) வெளிக்கூடு அந்த மாதம் செய்தது. அதற்காக, சைக்கிள் 1954 மாடல் என்று விற்றவர் சொன்னது பொய்யாகிவிடாது.

பெரும்பாலும் பின் சக்கரத்தை யாரோ முழுதாக மாற்றியிருப்பார்கள். ரிம் நெளிந்துவிட்டால், பழைய ஹப்பில் புது ரிம்மை ஸ்போக் கட்டி ஏற்றுவதைவிட வேறு சக்கரம் மாட்டுவது சுலபம்.

ஸ்போக்குகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கால இங்கிலாந்து ரோட்ஸ்டர்களில் (அன்றாட உபயோகத்துக்கான சைக்கிள்களில்) முன்னால் 32, பின்னால் 40 என்பதுதான் வழக்கம். பின்னால் 36 இருந்தால் சக்கரம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 40 இருந்தால் இரண்டு ரிம்களின் முலாமையும் ஒப்பிடுங்கள்: முன்னால் புள்ளி புள்ளியாகத் துரு, பின்னால் பளபளப்பு என்றால் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் அந்தத் தேதி கூட்டுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் கியர் பாகங்கள் வேறு ஏ.டபிள்யூ. ஹப்பிலிருந்து வந்திருக்கலாம். ஹப்பின் தேதியை வைத்து ஃபிரேமின் வயதை முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், எழுத்து தெளிவாகத் தெரிய உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியே போதும். முலாம் போனால் திரும்ப வராது.