இரண்டு பெர்மிட், 167 உயிர்: பைப்பர் ஆல்ஃபா கேள்வி பதில்

பைப்பர் ஆல்ஃபா விபத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கடல் எண்ணெய் மேடைகளில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி): பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது என்ன, எங்கே நடந்தது?

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் நின்ற எண்ணெய் மேடை அது. ஆக்சிடென்டல் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தியது. 1976 கடைசியில் உற்பத்தி தொடங்கியது. முதலில் எண்ணெய்க்காக மட்டும் கட்டினார்கள். பிறகு எரிவாயுவையும் பிரித்து அனுப்பும் கருவிகளை இருக்கிற இடத்திலேயே சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்ததில், வாயுவை அழுத்தும் பகுதி கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. 1988 ஜூலை 6 இரவு அங்கே 226 பேர் இருந்தார்கள். 165 பேர் இறந்தார்கள், 61 பேர் பிழைத்தார்கள். காப்பாற்றப் போன சாண்ட்ஹேவன் கப்பலின் மீட்புப் படகுக் குழுவில் இரண்டு பேர் இறந்ததால் மொத்தக் கணக்கு 167. அதில் 30 பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

கேள்வி (வேதிப் பொறியியல் மாணவி, காரைக்குடி): ஐயா, எங்கள் வகுப்பில் "பெர்மிட் கோளாறு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உண்மையில் என்ன ஆனது?

ஒரே வரியில் முடிகிற விஷயம் இல்லையம்மா. கொஞ்சம் பொறுமையாகப் படி.

வாயுவிலிருந்து பிரியும் கண்டன்சேட் என்ற திரவத்தைத் தள்ள அங்கே ஏ, பி என்று இரண்டு பம்ப் உண்டு. ஒன்று ஓடும், இன்னொன்று தயாராக நிற்கும். அன்று பகலில் ஏ பம்பை நிறுத்தியிருந்தார்கள். அதன் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட், அதாவது வேலை செய்ய எழுத்தில் கொடுக்கும் அனுமதித் தாள். அதே பம்பின் குழாயில் இருந்த, அழுத்தம் அதிகமானால் தானே திறக்கும் சேஃப்டி வால்வைக் கழற்றிச் சோதிக்க இன்னொரு பெர்மிட். பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை. வால்வை மட்டும் கழற்றிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அதைத் திரும்ப மாட்ட முடியாமல் போனதால், திறந்திருந்த குழாய் வாயில் ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்சை, அதாவது ஒரு இரும்புத் தட்டு மூடியை, வைத்துவிட்டுப் போனார்கள். அதன் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்காமல் கையால் மட்டும் முறுக்கியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அந்த இடமோ பம்புக்கு மேலே உயரத்தில் இருந்தது. பம்ப் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

இரவு சுமார் 9.45-க்கு பி பம்ப் நின்றது. திரும்ப ஓட்டப் பார்த்தார்கள், முடியவில்லை. கண்டன்சேட் போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் மேடையின் மின்சாரமே போய்விடும். "ஏ பம்பை எடுக்கலாமா?" என்று இரவு ஷிஃப்டில் தேடியபோது பராமரிப்பு பெர்மிட் கைக்குக் கிடைத்தது. வேலை தொடங்கவில்லை என்பதால் பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு கழற்றிய பெர்மிட் அவர்கள் கண்ணில் படவில்லை. பகல் ஷிஃப்டிலிருந்து வாய்வார்த்தையாகவும் யாரும் சொல்லவில்லை. பம்பை எடுத்தார்கள், மூடி வழியே கண்டன்சேட் பீறிட்டது. சுமார் 10 மணிக்கு முதல் வெடிப்பு.

இதை வைத்து ஷிஃப்டில் இருந்தவர்களைக் குறை சொல்வோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே பம்புக்கு இரண்டு தாள் இருந்தால் அவை ஒன்றையொன்று குறிப்பிட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடே அங்கே ஒழுங்காக இல்லை. அதைச் செய்ய வேண்டியது நிர்வாகம்.

கேள்வி (தீயணைப்புத் துறையில் பணிபுரிபவர், ஈரோடு): தீயைத் தடுக்கும் சுவர், தண்ணீர் பம்ப் எல்லாம் இருந்திருக்குமே சார்?

இருந்தன. சுவர்கள் எண்ணெய்த் தீயைத் தாங்கக் கட்டியவை, வாயு வெடிப்பைத் தாங்கக் கட்டியவை அல்ல. எரிவாயுப் பிரிவைச் சேர்த்தபோது அதை மாற்றவில்லை. முதல் வெடிப்பிலேயே பிய்ந்துபோயின, கட்டுப்பாட்டு அறையும் போனது. தண்ணீர் பம்ப் கதை இன்னும் கொடுமை. கடலுக்கடியில் டைவர்கள் வேலை செய்யும்போது பம்ப் தானாக ஓடினால் ஆளை உறிஞ்சிவிடும் என்று அதை மேனுவலில் போட்டு வைப்பார்கள். அன்றும் அப்படித்தான். உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் டைவர் இருந்தால் மட்டும் அப்படிச் செய்தால் போதும் என்று முன்பே ஒரு தணிக்கையில் சொல்லியிருந்தார்கள், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் தெளிக்கும் முனைகளில் சில துருவால் அடைத்திருந்தன என்பதும் விசாரணையில் வந்தது.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை): பக்கத்து மேடைகள் எண்ணெய் அனுப்பிக்கொண்டே இருந்தனவாமே? நம்ப முடியவில்லை.

நம்பித்தான் ஆக வேண்டும் ஐயா. கிளேமோர், டார்டன் என்ற இரண்டு மேடைகளும் பைப்பருடன் குழாயால் இணைந்தவை. தீ தெரிந்த பிறகும் உடனே நிறுத்தவில்லை. அந்தக் குழாய்களின் அழுத்தத்தால் எண்ணெய் பைப்பருக்குள் வந்து தீக்குத் தீனி போட்டது. அந்தச் சூட்டில் சுமார் 10.20-க்கு டார்டனிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு மேடையைக் காப்பாற்ற வழியில்லை. 10.50-க்கு இன்னொரு வாயுக் குழாய், அப்புறம் கிளேமோர் குழாய்.

ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் திரும்ப ஓட்ட நாள் கணக்கில் ஆகும், பணம் போகும். மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்தலாம் என்ற தெளிவு அங்கிருந்த பொறுப்பாளர்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால், பெர்மிட்டை விடப் பெரிய பாடம் இதுதான். பெர்மிட் கோளாறோடு முடிந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (மீனவர் குடும்பத்து இளைஞர், நாகப்பட்டினம்): அண்ணே, பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்காததால், தம்பி. ஆபத்து என்றால் தங்குமிடத்தில் கூடி ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சி. புகையில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. லைஃப் போட்டுகளை நெருங்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களைத் தீ தொடுவதற்கு முன் புகை கொன்றுவிட்டது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று புரிந்து கீழே இறங்கியவர்களும், கயிற்றைப் பிடித்துத் தொங்கியவர்களும், மேலிருந்தே குதித்தவர்களும்தான் மிச்சம். சிலர் ஹெலிகாப்டர் தளத்திலிருந்து, அதாவது 50 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, எண்ணெய் எரிந்துகொண்டிருந்த கடலுக்குள் குதித்தார்கள். தங்குமிடக் கட்டடம் அப்படியே கடலில் சரிந்தது. பிறகு அதைத் தூக்கி எடுத்தபோது பலருடைய உடல்கள் உள்ளே இருந்தன.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

இல்லை. நஷ்டஈடு கொடுத்தார்கள். கிரிமினல் வழக்கு எதுவும் போடவில்லை. நிறுவனம் 1991-இல் பிரிட்டன் கடல் சொத்துகளை விற்றுவிட்டுப் போய்விட்டது. குடும்பங்களுக்கு இன்றும் ஆறாத புண் இது.

கேள்வி (அதே மாணவி, காரைக்குடி): கல்லன் அறிக்கை எதை மாற்றியது, ஐயா?

லார்டு கல்லன் என்ற ஸ்காட்லாந்து நீதிபதி விசாரித்து 1990 நவம்பரில் கொடுத்த அறிக்கையில் 106 பரிந்துரைகள். அத்தனையும் ஏற்கப்பட்டன. அதுவரை எண்ணெய் உற்பத்தியை வளர்க்க வேண்டிய எரிசக்தித் துறைதான் பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டது. அதைப் பிடுங்கி, தொழிலிடப் பாதுகாப்புக்கென்றே இருக்கும் ஹெச்.எஸ்.ஈ.யிடம் கொடுத்தார்கள். 1992-இல் "சேஃப்டி கேஸ்" விதிகள் வந்தன. அதற்கு முன், அரசு ஒரு பட்டியல் தரும், கம்பெனி டிக் அடிக்கும். இப்போது, "என் மேடையில் என்னென்ன விபரீதம் நடக்கலாம், அதற்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்" என்று கம்பெனியே எழுதி நிரூபிக்க வேண்டும். புகை நுழையாத தற்காலிகப் புகலிடம், குழாயைக் கடலடியிலேயே அடைக்கும் வால்வு எல்லாம் இதன் பின் வந்தவை. தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஓ.ஐ.எல்.சி. என்று தனி அமைப்பு கண்டு, 1989-லும் 1990-லும் வட கடலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைப் பாடப்புத்தகங்கள் ஏனோ எழுதுவதில்லை.

கேள்வி (மெரைன் இன்ஜினியர், தூத்துக்குடி): இவ்வளவு கற்ற பிறகும் 2005-இல் பாம்பே ஹையில் நடந்ததே?

நடந்தது. மும்பைக்கு அப்பால் அரபிக் கடலில் இருக்கும் எண்ணெய் வயல் அது. 2005 ஜூலை 27, பருவமழைக் கடல். சமுத்ரா சுரக்ஷா என்ற கப்பலில் சமையல்காரர் ஒருவருக்குக் கைவிரலில் வெட்டு. அவரை மேடைக்கு மாற்ற நெருங்கியபோது கப்பல் இடித்து, மேடைக்கு வெளிப்பக்கம் இருந்த ரைசர், அதாவது கடலடிக்கும் மேடைக்கும் இடையே வாயு செல்லும் செங்குத்துக் குழாய், உடைந்தது. இரண்டு மணி நேரத்தில் ஓ.என்.ஜி.சி.யின் அந்த மேடை இல்லாமல் போனது. 22 பேர் இறந்தார்கள், 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். காரணம் வேறு, ஆனால் ரைசர் உடைந்தால் மேடை தாங்காது என்பது பைப்பரிலேயே தெரிந்த சங்கதி. கப்பல் நெருங்கும் பக்கத்தில் அதைக் காப்பில்லாமல் விட்டிருக்கக் கூடாது.

கேள்வி (அபர்தீனில் படிக்கும் மாணவர்): நினைவிடம் எங்கே இருக்கிறது?

ஹேசல்ஹெட் பூங்காவில், ரோஜாத் தோட்டத்துக்குள். 1991 ஜூலை 6 அன்று திறந்தார்கள். மூன்று தொழிலாளர்களின் வெண்கலச் சிலை, கீழே இறந்தவர்களின் பெயர்கள். ஊரின் நடுவே புனித நிக்கோலஸ் தேவாலயத்திலும் எண்ணெய்த் தொழிலாளர்களுக்கென ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள்.

கேள்வி (பிளான்ட் ஆபரேட்டர், மணலி): எங்கள் இடத்தில் பெர்மிட் கையெழுத்து ஒரு சடங்காகிவிட்டது அண்ணே. என் மட்டத்தில் என்ன செய்ய முடியும்?

நாலு வேலை உன் கையிலேயே இருக்கிறது. ஷிஃப்ட் ஏற்கும்போது லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காராதே. முந்தைய ஆளைக் கூட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் ஒவ்வொரு வேலையையும் போய்ப் பார். நின்றிருக்கும் பம்பை எடுப்பதற்கு முன் அந்த டேக் நம்பரில், அதாவது பம்பின் அடையாள எண்ணில், வேறு பெர்மிட் ஏதும் முடிக்கப்படாமல் திறந்திருக்கிறதா என்று கேள். கேட்டால் எரிச்சல்படுவார்கள், படட்டும். குழாய் லைனை ஒருமுறை முழுக்க நடந்து, தலையைத் தூக்கி மேலேயும் பார்த்துவிட்டு வா. சந்தேகம் இருந்தால் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, அதை நேரத்தோடு லாக் புக்கில் எழுதி வை. எழுதிய பிறகு உன்னை மீறி ஓட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒருமுறை யோசிப்பார்.